நாற்பத்தைந்துக்கு மேல் வேலை போனால்: அவசரத்தில் போடும் கையெழுத்துகள்

2025 ஜூலை கடைசியில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் 2 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்போது அங்கே 6,13,000 பேர் வேலை பார்த்தார்கள். 2 விழுக்காடு என்றால் 12,000 பேருக்கு மேல். நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று நிறுவனமே சொன்னது. அந்தப் படிகளுக்கு ஏற ஒருவருக்குப் பதினைந்து, இருபது ஆண்டு பிடிக்கும் என்பதால், வெளியே போகிறவர்களின் வயது என்னவாக இருக்கும் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2022 ஜூலையில், மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது. மூடப்போவதாக 2021 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். நேரடித் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 2,600 பேர். அந்த ஆலையை நம்பியிருந்த உதிரிபாகக் கம்பெனிகள், கேன்டீன், பஸ் கான்ட்ராக்ட் என்று வேலை இழந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2025 அக்டோபர் கடைசியில் அதே ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. உற்பத்தி 2029இல் தொடங்கும், 600 பேருக்கு வேலை என்றார்கள். மாநிலத்துக்கு நல்ல செய்திதான். ஆனால் 2022இல் 45 வயதில் வெளியே வந்த ஒரு ஃபிட்டருக்கு 2029இல் வயது 52.

செய்தியில் வருவது பெரிய நிறுவனங்கள். அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் ஓ.எம்.ஆரிலும் கோவை கணபதியிலும் பத்துப் பேர், இருபது பேர் என்று சத்தமில்லாமல் வெளியேறுகிறவர்களைப் பற்றி எந்தத் தாளிலும் வராது. அவர்களுக்காகவும், இன்னும் வேலையில் இருந்தாலும் உள்ளுக்குள் பயம் தட்டத் தொடங்கியவர்களுக்காகவும் எழுதுகிறேன். 45 வயதுக்கு மேல் வேலை இழப்பவரை ஓர் ஆண்டு தள்ளாட வைப்பது வேலை இழப்பு. மீதி ஆயுள் முழுக்கத் தள்ளாட வைப்பது, அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று மாதங்களில் பதற்றத்தில் அவர் போடும் கையெழுத்துகள். ராஜினாமாக் கடிதத்தில் ஒன்று, பி.எஃப். விண்ணப்பத்தில் ஒன்று, யாரோ நீட்டும் முதலீட்டுப் பத்திரத்தில் ஒன்று, வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் ஒன்று. போன வேலைக்கு ஈடாக இன்னொரு வேலை கிடைக்கலாம். இந்தக் கையெழுத்துகள் கொண்டுபோவது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

அவசரம் ஏன் ஆகாது என்றால், தேடல் நீளும். இந்த வயதில் அது நீளாமல் இருக்கக் காரணமே இல்லை. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவரை வயதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967இலேயே சட்டம் வந்தது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயதையும் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் தனியார் நிறுவனத்தை அப்படிக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று அடுக்குகிறது. அந்த வரிசையில் வயது இல்லை. அதுவும் அரசு வேலையைப் பற்றிய பிரிவு. அதனால்தான் ‘35 வயதுக்குட்பட்டவர்கள் மட்டும்’ என்று கேட்டிலேயே போர்டு மாட்ட முடிகிறது. போர்டு மாட்டாத இடத்தில் வேலைத் தளத்தின் வடிகட்டி அதைச் செய்துவிடுகிறது. அனுபவம் ‘8 முதல் 12 ஆண்டு’ என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால், 22 ஆண்டு அனுபவம் உள்ளவரின் ரெஸ்யூமே யார் கண்ணிலும் படாமலே நின்றுவிடும்.

அரசின் கைகொடுப்பும் இந்த வயதுக்காரருக்கு எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவருக்கு உதவித்தொகை உண்டு. பட்டதாரி என்றால் மாதம் 600 ரூபாய். ஆனால் பொதுவாக 40 வயதோடு அந்தத் தகுதி முடிகிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. அந்தப் பக்கம் பார்த்தால், மூத்த குடிமக்களுக்கு மறுவேலை தேடித்தர ஒன்றிய அரசு 2021 அக்டோபர் 1 அன்று தொடங்கிய ‘சேக்ரட்’ தளம் 60 வயது நிறைந்தவர்களுக்கானது. மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நிற்பது 45க்கும் 60க்கும் நடுவில். அந்தப் பதினைந்து ஆண்டைக் கண்ணில் கொண்டு போடப்பட்ட பெரிய திட்டம் எதுவும் இல்லை. இதை மாற்ற வேண்டியது அரசின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன். மாறும்வரை, தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில்தான் அவரவர் இருக்கிறார்கள். ஆறு மாதம் ஆகும் என்று போடும் கணக்கை ஓர் ஆண்டாக நீட்டிப் போட்டுக்கொள்வது நல்லது.

முதல் கையெழுத்து ஆபீஸிலேயே நடக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுவார்கள். ஹெச்.ஆரிலிருந்து ஒருவர், மேலதிகாரி ஒருவர், மேஜையில் ஒற்றைத் தாள். நீங்களே எழுதியதுபோல அதில் தட்டச்சாகி இருக்கும்: சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன். பேச்சு மென்மையாக இருக்கும். “ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும் சார். டெர்மினேட்னு போட்டா அடுத்த இடத்துல கேட்பாங்க.” சாயங்காலத்துக்குள் முடித்துத் தந்தால் ரிலீவிங் லெட்டர் உடனே, மூன்று மாதச் சம்பளமும் உண்டு என்பார்கள். பயந்துபோன மனது அந்தத் தாளை ஒரு சலுகையாகவே பார்க்கும்.

அந்தத் தாள் என்ன செய்கிறது என்பதைச் சட்டத்தில் பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 18 ஆண்டு இருந்தவருக்கு 270 நாள் சம்பளம், ஏறக்குறைய ஒன்பது மாதம். கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பதும், பிறகு ஆள் எடுத்தால் ஆட்குறைப்பு ஆனவருக்கு முன்னுரிமை என்பதும் சட்டம். புதிய தொகுப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஆட்குறைப்பான ஒவ்வொரு தொழிலாளிக்கும் மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள் அவர் கணக்கில். தானாக விலகுகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர் சட்டத்தின் பார்வையில் ஆட்குறைப்பு ஆனவர் அல்ல. மேலே சொன்ன எதையும் அவர் கேட்க முடியாது.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இழப்பு இன்னும் கூடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் அவர்கள். ஆலை மூடல், ஆட்குறைப்பு காரணமாக வேலை இழந்தால் 24 மாதம் வரை உதவித்தொகை தரும் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா 2005 முதல் இருக்கிறது. தானாக விலகியவருக்கு அது இல்லை. பேப்பரில் ‘சொந்தக் காரணம்’ என்று இருந்தால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் போய் உண்மைக் காரணத்தைச் சொல்லிப் பயனில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதுகாப்பெல்லாம் சட்டம் ‘தொழிலாளி’ என்று ஒப்புக்கொள்கிறவருக்குத்தான். நிர்வாகப் பணியில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அந்த வரையறைக்கு வெளியே. சென்னையில் இன்று எந்த சூப்பர்வைசர் 18,000 ரூபாய்க்குள் வாங்குகிறார்? ஆக, ஏணியில் ஏறியவருக்குச் சட்டத்தின் காப்பு குறைகிறது. 45 வயதுக்காரர் பெரும்பாலும் ஏறியவராகத்தான் இருப்பார். ஆனால் விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருப்பதாலேயே கை கழுவிவிட முடியாது. அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. லீவு கொடுக்கவோ ஆள் எடுக்கவோ அதிகாரம் இல்லாமல் நாள் முழுக்க கோடு எழுதிய டீம் லீடர், பெயருக்கு மட்டும் மேலதிகாரி. ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், அவர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. தான் எந்தப் பக்கம் வருகிறோம் என்பதை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ கேட்க ஒருநாள் போதும். அந்த ஒருநாளைக் கொடுக்காமல்தான் சாயங்காலத்துக்குள் என்கிறார்கள்.

அதனால், “படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று அந்த அறையில் சொல்வதில் தவறேயில்லை. தாளின் நகலை வாங்கிக்கொண்டு, நடந்ததை அன்றிரவே தேதி, நேரம், இருந்தவர் பெயரோடு தனக்கே ஒரு மின்னஞ்சலாகத் தனிப்பட்ட முகவரியிலிருந்து அனுப்பி வைத்துக்கொள்ளலாம். கம்பெனி தருவதாகச் சொல்லும் தொகை சட்டப்படி வருவதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். அப்படியானால் ஒப்புக்கொள்வதே சரி. ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்பப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சம்பள பாக்கியை, விலகினாலும் நீக்கினாலும், இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை 30 நாளுக்குள். ராஜினாமா செய்தவருக்கும் அது உண்டு. இந்தப் பணத்தைக் காட்டி எந்தத் தாளிலும் கையெழுத்து கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த பணம் அது.

அடுத்த கையெழுத்து விரலால் நடக்கிறது. பி.எஃப். உறுப்பினர் தளத்தில் ‘கிளெய்ம்’ பக்கத்தைத் திறந்தால் ஒரு பட்டியல் விரியும். படிவம் 19 என்பது பி.எஃப். தொகையை முழுதாக எடுப்பதற்கு. படிவம் 10சி என்பது பென்ஷன் பங்கை எடுப்பதற்கு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவான், கேட்டால் “ரெண்டும் உங்க பணம்தான் அங்கிள்” என்பான். ஓ.டி.பி. வந்து, சொல்லி, முடிந்துவிடும். இரண்டாவது படிவத்தில் போவது சிறு தொகையாகத் தெரியும். அது வெறும் தொகையல்ல, பணிக்காலம்.

முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு, 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மாதம் 1,250 ரூபாய். பத்து ஆண்டு பணி சேர்ந்தால் 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாயும் பத்து ஆண்டும் என்றால் மாதம் சுமார் 2,143 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அவருக்குப் பின் அதில் ஒரு பகுதி மனைவிக்கும் தொடரும் என்பதை நினைத்தால் சின்னதும் இல்லை. எட்டு ஆண்டில் வேலை போனவர் அந்தப் பங்கை எடுத்துவிட்டால் அந்த எட்டும் பூஜ்யம். 49 வயதில் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், 58க்குள் பத்து ஆண்டு சேர வழியே இல்லை. இன்னொரு கதவும் அதோடு அடைபடலாம். 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் பி.எஃப். சம்பளத்தில் புதிதாகச் சேர்பவருக்கு இந்த ஓய்வூதியத் திட்டமே கிடையாது. எடுக்காமல் வைத்தவர் திட்டச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வேலையின் ஆண்டுகள் பழைய ஆண்டுகளோடு சேரும். ஒன்பதரை ஆண்டு இருந்தாலே பத்தாகக் கணக்கு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதை ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள்.

பி.எஃப். தொகையும் அப்படித்தான். 2024–25க்கு 8.25 விழுக்காடு வட்டி கொடுத்தார்கள். அதே வட்டி நீடிப்பதாக வைத்துக்கொண்டால், 48 வயதில் இருக்கும் 10 லட்சம், ஒரு பைசா புதிதாகப் போடாமலே, 58இல் 22 லட்சம் ஆகும். மாதச் சந்தா நின்றாலும் 58 வயது வரை வட்டி நிற்பதில்லை. இது தெரியாமல், ‘கணக்கு செத்துப்போகும்’ என்று பயந்து எடுத்தவர்கள் நிறைய. வேலை போன உடனே முழுத் தொகையையும் எடுப்பதைத் தள்ளிப்போட 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. 75 விழுக்காட்டை எடுக்கலாம், மீதிக்கு இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷன் பங்குக்கு 36 மாதம் என்றார்கள். நம் பணத்தை நாமே எடுக்க விடாமல் தடுக்கிறார்களே என்று பலரும் கொதித்தார்கள். அந்தக் கோபம் புரிகிறது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் பென்ஷன் பங்கின் விஷயத்தில் அந்தத் தடை உறுப்பினருக்கு நல்லதே செய்யும் என்பது என் எண்ணம். தேவைக்கு எடுக்கத்தான் வேண்டும் என்றால், படிவம் 19ஐயோ பகுதித் தொகையையோ தொடலாம். 10சி வழியாகப் பென்ஷன் பங்கை எடுக்காமல் இருப்பது முக்கியம்.

மருத்துவக் காப்பீட்டில் கையெழுத்து போடுவதால் அல்ல, போடாமல் விடுவதால் இழப்பு. கம்பெனி தந்த குரூப் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிகிறது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர் ஆறு மாதம் கழித்துப் புதிதாகப் பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் நான்கை மூன்றாகக் குறைத்தது. குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளவும், அங்கே கழிந்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. பாலிசி உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும். ரிலீவிங் லெட்டருக்கு அலைகிற அந்த வாரத்தில் இது யாருக்கும் தோன்றுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் பிரீமியச் சுமையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இறங்கிவிட்ட வீடு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு விண்ணப்பிக்கத் தயங்கக் கூடாது. நேற்றுவரை சம்பளக்காரர் என்ற கூச்சம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது.

செட்டில்மென்ட் தொகை வங்கியில் விழுந்த செய்தி எப்படித்தான் ஊருக்குத் தெரிகிறதோ! வாழ்நாளில் அவ்வளவு பெரிய தொகையை ஒருசேரப் பார்த்திராத வீடு. மாதச் சம்பளம் இல்லாத வெறுமையை எப்படியாவது ஒரு மாத வருமானத்தால் நிரப்பத் துடிக்கும் மனது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்களைக் கொங்கு மண்டலம் மறந்திருக்காது. பத்து ஆண்டு கழித்துச் சென்னையில் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மோசடி வெளியே வந்தது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி என்றார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,438 கோடி ரூபாய் கட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. பி.எஃப். வட்டி ஆண்டுக்கு 8.25 என்னும்போது, மாதத்துக்கு 25 எங்கிருந்து வரும் என்ற ஒரே கேள்வி போதும். ஆனால் அழைத்துப் போகிறவர் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. மச்சானோ பழைய ஷிஃப்ட் தோழரோ அழைக்கும்போது அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை. டெபாசிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் சொல்லாமல் டிபன் பாக்ஸோடு காலையில் கிளம்பி, பார்க்கிலும் ரயில் நிலையத்திலும் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மனம் கனக்கிறது. ஆனால் அந்த மறைப்புக்குப் பெரும் விலை உண்டு. மனைவிக்குத் தெரியாமல் இருக்க அதே செலவு தொடர வேண்டும், அதற்குக் கிரெடிட் கார்டு, பிறகு லோன் ஆப். தவணை 90 நாள் நிலுவையானால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்துகிறது; கடன் மதிப்பெண் விழுகிறது. முதல் தவணை திரும்புவதற்கு முன்பே கிளை மேலாளரைப் பார்த்து, வேலை போன கடிதத்தைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்பவருக்கு வழி கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வீடு முழுக்க ஒரே கணக்கில் இருக்க வேண்டும்.

வேலை தேடும் இடத்திலும் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. ரெஸ்யூமேயைத் தளத்தில் ஏற்றிய இரண்டாம் நாளே போன் வரும். பெரிய கம்பெனியில் ‘சீனியர் புரொஃபைல்’ இருக்கிறது, பதிவுக் கட்டணம் 2,500, பிறகு ஆவணச் சரிபார்ப்பு 8,000, பிறகு லேப்டாப்புக்கு முன்பணம். வேலை கொடுப்பவர் வேலை தேடுபவரிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. ஒன்றிய அரசின் என்.சி.எஸ். வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவு இலவசம். வீட்டிலிருந்தபடி ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் பணம் என்று டெலிகிராமில் வரும் வேலையில் முதலில் 150, 300 என்று உண்மையாகவே வரும். பிறகு ‘பிரீமியம் டாஸ்க்’குக்குக் கட்டச் சொல்வார்கள். கட்டியவர் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கப்பட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பு குறைகிறது.

வெளிநாட்டு வேலை என்றால் இரட்டிப்பு கவனம் வேண்டும். 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் அடைபட்ட தமிழர்களை அரசு மீட்டு வந்தது. டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தக் கதையின் தொடக்கம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். பதிவெண்ணை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. மூன்று லட்சம் கட்டத் துணியும் முன், கிண்டியில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போய்வர ஒரு பஸ் டிக்கெட் போதும்.

‘வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்யும் படிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் தவணையில் என்றால் அது கடன். ஒப்பந்தம் ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோடு. வகுப்பு நின்றாலும் தவணை நிற்காது. போலி அனுபவச் சான்றிதழ் வாங்கி இடைவெளியை மறைக்கும் யோசனையும் வேண்டாம். பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் ஒரே யு.ஏ.என். எண்ணின் கீழ் கிடக்கின்றன, புதிய நிறுவனம் அதைத்தான் முதலில் பார்க்கும். விலகிய தேதியைப் பழைய கம்பெனி ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஏற்றாவிட்டால் இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே ஏற்றலாம்.

வேலை எங்கிருந்து வரும்? நான் பார்த்தவரை, இந்த வயதில் வடிகட்டித் தளங்களிலிருந்து வந்தது குறைவு, தெரிந்தவர் வாயிலிருந்து வந்தது அதிகம். பழைய நிறுவனத்துக்குப் பொருள் கொடுத்த சப்ளையர், பொருள் வாங்கிய வாடிக்கையாளர், ஆடிட் செய்ய வந்தவர், இவர்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள். வயதைக் கேட்க மாட்டார்கள். முப்பது, நாற்பது பேர் வேலை பார்க்கும் அம்பத்தூர் பட்டறைக்கு, பெரிய ஆலையின் தர நடைமுறை தெரிந்த ஒருவர் கிடைப்பது அரிது. சம்பளம் பழைய சம்பளத்தின் பாதியாக இருக்கலாம். அதை அவமானமாக நினைத்து ஆறு மாதம் காத்திருந்தால், அந்த ஆறு மாதச் சம்பளம் போனது போனதுதான். பள்ளிக்கூடங்களிலிருந்தும் கார்மென்ட் ஆலைகளிலிருந்தும் வெளியேறும் பெண்களுக்கு இந்தத் தொடர்பு வட்டம் சிறியது. வீட்டு வேலையைக் காரணம் காட்டி அவர்களின் தேடலை வீடே முடித்துவைப்பதும் நடக்கிறது. அவர்களுக்கும் பி.எஃப்., பணிக்கொடை இரண்டிலும் அதே சட்டம், அதே உரிமை.

சிறிய இடத்திலிருந்து வரும் ஆஃபர் லெட்டரில் பதவியையும் சம்பளத்தையும்விட முக்கியமாக, எந்த வகையில் எடுக்கிறார்கள் என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். வயதில் மூத்தவர்களைப் பெரும்பாலும் ‘கன்சல்டன்ட்’ என்றுதான் எடுக்கிறார்கள். மாதத் தொகையில் தொழில்முறைக் கட்டணம் என்று 10 விழுக்காடு வரி பிடிப்பார்கள், பி.எஃப். இல்லை, பணிக்கொடை இல்லை, ஆட்குறைப்புச் சட்டம் இல்லை. அதே வேலையை அதே சம்பளத்துக்கு ‘குறிப்பிட்ட காலப் பணியாளர்’ என்று இரண்டு ஆண்டு ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்தால் நிரந்தரப் பணியாளருக்கு உள்ள சலுகைகள் சட்டப்படி அவருக்கும் உண்டு, பி.எஃப். தொடரும், புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஓர் ஆண்டு முடித்தாலே பணிக்கொடையும் உண்டு. சிறு முதலாளிகள் பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. ஆடிட்டர் எழுதியதைக் கொடுத்திருப்பார்கள். சேருவதற்கு முன், “சார், இதை ஃபிக்ஸட் டேர்ம்னு மாத்தித் தர முடியுமா?” என்று கேட்டால் சிலர் மாற்றித் தருகிறார்கள். சேர்ந்து ஓர் ஆண்டு கழித்துக் கேட்டால் பெரும்பாலும் மாறுவதில்லை.